நான்கு சதுரங்களும் ஒரு கிராமத்து விளைச்சலும்

கேள்வியின் சாரம் இது. ஏறத்தாழ 600 ஏக்கரில் நெல் விளையும் ஒரு வருவாய் கிராமத்தில், அதிகாரிகள் நான்கே வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நின்ற கதிரை அறுத்து, அடித்துத் தூற்றி எடை போட்டுச் செல்கிறார்கள். அந்த எடையை வைத்தே ஊர் முழுவதற்குமான விளைச்சலும், அதிலிருந்து பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் முடிவாகின்றன. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வயலுக்கும் பொருத்துவது எந்தக் கணக்கில் நியாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். பானைச் சோற்றில் ஒரு பருக்கை போதுமானதாக இருப்பதற்குக் காரணம், எல்லாப் பருக்கையும் ஒரே அரிசி, ஒரே உலைநீர், ஒரே தீ; போதாததற்கு அகப்பை போட்டுக் கிளறியும் விடுகிறோம். எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றதைப் போலவே இருக்கும் என்ற உறுதி அங்கே முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. வயலை யாரும் கிளறி வைக்கவில்லை. வாய்க்கால் நீர் முதலில் பாயும் தலைமடை ஒரு விதம், கடைசியில் பாயும் கடைமடை ஒரு விதம். களர் ஏறிய மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், எலி வெட்டிய வரப்போரம், மரநிழல் விழும் பத்தி என்று ஒரே சர்வே எண்ணுக்குள்ளேயே விளைச்சல் ஏறி இறங்கும். ஆகவே வயலுக்குப் பழமொழி அப்படியே பொருந்தாது. கிளறுவதால் பானையில் கிடைக்கும் சமத்தன்மையை, வயலில் தேர்ந்தெடுக்கும் முறையால்தான் ஈடுசெய்ய முடியும். ஒவ்வொரு இடத்துக்கும் அறுவடைச் சதுரமாக அமைவதற்குத் தெரிந்த, முன்பே வகுத்த ஒரு வாய்ப்பு இருக்குமாறு, மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் இடம் கொடுக்காமல், எண்களை வைத்துத் தேர்ந்தெடுப்பதையே சமவாய்ப்பு மாதிரி என்கிறோம்.

இந்த முறை வருவதற்கு முன் இந்தியாவில் விளைச்சலை மதிப்பிட்ட விதத்தைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பயிரிட்ட பரப்பு, வழக்கமான ஏக்கர் விளைச்சல், அந்தப் பருவத்தின் தரம் ஆகிய மூன்றையும் பெருக்கி மொத்த விளைச்சலைச் சொன்னார்கள். பருவத்தின் தரத்தை அணாக் கணக்கில் குறித்தார்கள்: பதினாறணா என்றால் முழு விளைச்சல், பன்னிரண்டணா என்றால் முக்கால். விகிதக் கணக்கு என்ற அளவில் இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த அணாவைச் சொன்னது ஊர்க் கணக்கரின் கண். வரி, வறட்சி நிவாரணம், மேலதிகாரியின் எதிர்பார்ப்பு எல்லாம் அந்தக் கண்ணுக்குப் பின்னால் நின்றன. பெருக்கல் சரியாக இருந்து, பெருக்கப்படும் எண் நம்பத்தகாததாக இருந்தால், விடையும் நம்பத்தகாததே.

இதை மாற்றியவர்களில் முன்னோடி ஜான் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1920களில் பீகார் ஒரிசா மாகாணத்தில் நெல் விளைச்சலை அளக்க, வயல்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து, ஒரு சிறு முக்கோணச் சட்டத்துக்குள் விழும் பயிரை அறுத்து எடை போட்டார். அந்தச் சட்டத்தின் பரப்பு ஓர் ஏக்கரில் 3,200இல் ஒரு பங்கு. ஏன் அந்த எண்? ஒரு மணங்கு 40 சேர், ஒரு சேர் 80 தோலா. ஆக ஒரு மணங்கு 3,200 தோலா. சட்டத்துக்குள் அறுத்த நெல் எத்தனை தோலாவோ, ஏக்கர் விளைச்சல் அத்தனை மணங்கு. பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். விகிதத்தையே கருவியின் அளவுக்குள் அடக்கிவிட்ட அந்த யோசனையை எண்ணி நான் பல முறை வியந்ததுண்டு. பின்னர் 1930களின் இறுதியில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டதும், சுகாத்மே, பான்சே ஆகிய புள்ளியியலாளர்கள் இப்படி அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை நாடு முழுவதற்குமான முறையாக வளர்த்ததும் அந்த வழியில் வந்தவையே.

இன்று உங்கள் ஊரில் கட்டும் சதுரத்திலும் அதே வசதி ஒளிந்திருக்கிறது. 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. சதுரத்தில் 11 கிலோ உலர்ந்த நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,400 கிலோ. ஏக்கருக்கு வேண்டுமானால் ஏறத்தாழ 162ஆல் பெருக்க வேண்டும். அதே 11 கிலோ 1,780 கிலோ ஆகும், அதாவது 60 கிலோ மூட்டைக் கணக்கில் முப்பது மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெருக்கலில் ஓர் எச்சரிக்கை உண்டு. சதுரத்தில் நேரும் பிழையும் அதே 400 மடங்காகப் பெருகும். தராசில் கால் கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 100 கிலோ தவறும்.

ஈரப்பதக் கணக்கிலும் இந்த விகிதம் அடிக்கடி தடுமாற வைக்கிறது. களத்தில் 12 கிலோ ஈரநெல் கிடைத்து, ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதை 14 விழுக்காட்டு நிலைக்கு மாற்ற, வித்தியாசம் ஆறுதானே என்று ஆறு விழுக்காட்டைக் கழித்து 11.28 கிலோ என்று எழுதுபவர்கள் உண்டு. காயும்போது மாறாமல் இருப்பது உலர்பொருள் மட்டுமே. 12 கிலோவில் அது 9.6 கிலோ. 14 விழுக்காட்டு ஈரத்தில் அந்த 9.6 கிலோ மொத்தத்தில் 86 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பதால் சரியான விடை 11.16 கிலோ. ஹெக்டேருக்குச் சுமார் 47 கிலோ வேறுபாடு. சிறியதுதான், ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் பிழை என்பதால் மாதிரியை எவ்வளவு கூட்டினாலும் அது கரையாது.

இப்போது தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன்; கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நெல் பயிரிட்ட சர்வே எண்களிலிருந்து சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வயல்கள் குறிக்கப்படுகின்றன. குறித்த எண்ணில் நெல் இல்லாவிட்டால் விதிப்படி அடுத்த எண்ணுக்குச் செல்ல வேண்டுமே தவிர, "பக்கத்தில் சாலையோரமாக நல்ல வயல் இருக்கிறது, அங்கே போய்விடலாம்" என்பதற்கு இடமில்லை. வயலுக்குள் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று, நீளத்தையும் அகலத்தையும் காலடிகளால் அளந்து, சதுரம் வரப்புக்கு வெளியே போய்விடாதபடி அதன் அளவைக் கழித்துக்கொண்டு, மீதிக்குள் அடங்கும் இரண்டு சமவாய்ப்பு எண்களை எடுத்து, அத்தனை அடி நீளவாக்கிலும் அத்தனை அடி அகலவாக்கிலும் நடந்து முளை அடிக்க வேண்டும். முளை விழுந்த இடம் மணி பிடிக்காமல் சாவியாகப் போன பத்தியாக இருந்தாலும் சரி, கதிர் சாய்ந்து கிடக்கும் செழித்த பத்தியாக இருந்தாலும் சரி, அதுவே சதுரம். பார்ப்பதற்கு இது சடங்கு போலத் தோன்றும். விவசாயி "இந்த இடம் என் வயலுக்கே அடையாளம் இல்லை" என்று வருந்துவதும், அதிகாரிக்கும் அது நியாயமாகப் படுவதும் இயல்பே. ஆனால் அடையாளமான இடம் எது என்று யார் முடிவு செய்தாலும், பழைய கணக்கரின் அணா திரும்பி வந்துவிடும்.

சமவாய்ப்பு என்பது நல்லெண்ணத்தால் ஈடுசெய்ய முடியாத ஒன்று என்பதற்கு வேறொரு நாட்டு நிகழ்ச்சி அழுத்தமான சான்று. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்று வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர்களை எடுத்ததும், பதில் எழுத முனைந்தவர்கள் மட்டுமே பதில் எழுதியதும் சேர்ந்து செய்த வேலை அது. சாலையோர வயலை மட்டும் அறுப்பதும் அதே பிழைதான். அங்கே இருபது லட்சம் சதுரம் கட்டினாலும் உள்ளூர் வாய்க்காலின் கடைமடை அதில் வராது.

நான்கு சதுரம் ஊரின் மொத்தப் பரப்பில் எத்தனை பங்கு என்ற உங்கள் ஆதங்கத்தை இனிப் பார்க்கலாம். 600 ஏக்கர் என்பது சுமார் 24 லட்சத்து 28 ஆயிரம் சதுர மீட்டர்; நான்கு சதுரமும் சேர்ந்து 100 சதுர மீட்டர். 24,000இல் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த எண் திகைக்க வைக்கிறது என்பது உண்மை, ஆனால் திகைக்க வேண்டியது இதற்கு அல்ல. விளைச்சலின் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருக்குமானால், 600 ஏக்கருக்கு நான்கு சதுரம் தரும் துல்லியமும் 6,000 ஏக்கருக்கு நான்கு சதுரம் தரும் துல்லியமும் கிட்டத்தட்ட ஒன்றே. மாதிரி மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது, அந்தப் பங்கு கணிசமாக இருக்கும்போது மட்டுமே கணக்கில் தென்படும். துல்லியத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: சதுரத்துக்குச் சதுரம் எடை எவ்வளவு வேறுபடுகிறது, மொத்தம் எத்தனை சதுரங்கள். ஆகவே பங்கு குறைவு என்ற புகாரை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறைவு என்ற புகாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது.

விளக்குவதற்காக எண்களை நானே அமைத்துக்கொள்கிறேன். நான்கு சதுரங்களில் உலர்ந்த நெல் 9.2, 12.6, 10.4, 11.8 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11 கிலோ. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 6.8; அதை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, ஏறத்தாழ 1.5 கிலோ. நான்கு சதுரங்களின் சராசரியே எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை அதில் பாதி, அதாவது 0.75 கிலோ, நான்கின் வர்க்கமூலம் இரண்டு என்பதால் பாதி. பெரிய மாதிரியாக இருந்தால் இதை இரண்டால் பெருக்கி, உண்மைச் சராசரி இந்த எல்லைக்குள் இருக்கும் என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்வோம். நான்கே அளவுகளைக் கொண்டு திட்டவிலக்கத்தையே மதிப்பிட வேண்டியிருக்கும்போது இரண்டு போதாது, 3.18ஆல் பெருக்க வேண்டும். சிறு மாதிரிக்கான இந்தத் திருத்தத்தை டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பகத்தில் பணியாற்றிய கோசெட் 1908இல் வகுத்தார். பெருக்கினால் 2.4 கிலோ வருகிறது. ஆக ஊரின் சராசரி ஹெக்டேருக்கு 4,400 கிலோ என்று எழுதும் அதே தாளில், உண்மை 3,440இலிருந்து 5,360 வரை எங்கும் இருக்கலாம் என்றும் எழுதினால்தான் அது நேர்மையான விடை.

சதுரங்களைப் பதினாறாக்கினால், ஏற்ற இறக்கம் அதேபோல் இருக்கும்பட்சத்தில், இந்த எல்லை 320 கிலோ அளவுக்குச் சுருங்கும். ஆனால் பதினாறுக்குப் பிறகு அதைப் பாதியாக்க அறுபத்து நான்கு வேண்டும். செலவு நான்கு மடங்கு ஏறினால் பிழை பாதியாகக் குறைகிறது என்ற இந்தக் கசப்பான விகிதமே, ஊருக்கு ஊர் நூறு சதுரம் கட்ட முடியாததற்குக் காரணம். மறுபக்கம், 100 கிராமங்களின் நான்கு நான்கு சதுரங்களையும் சேர்த்து மாவட்டச் சராசரி காணும்போது 400 சதுரங்கள் கைக்கு வருகின்றன. ஒரே ஊரின் சதுரங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் எளிய கணக்கு காட்டும் அளவுக்குத் துல்லியம் கிடைக்காவிட்டாலும், மாவட்டத்துக்கான எண் மிக உறுதியானதே. பயிர் அறுவடைப் பரிசோதனை முதலில் உருவானது மாகாணத்தின், மாவட்டத்தின் உற்பத்தியைச் சொல்வதற்காக. அந்த வேலைக்கு அது அருமையான கருவி. அதே கருவியைக் கிராமத்துக்குக் கிராமம் இழப்பீட்டை அளக்க இறக்கியபோதுதான் தொல்லை தொடங்கியது.

தொல்லை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஊருக்கென்று முன்பே வரையறுத்த விளைச்சலிலிருந்து (அதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு) உண்மை விளைச்சல் எவ்வளவு குறைந்ததோ, அந்தக் குறைவு வரையறுத்த விளைச்சலில் எத்தனை பங்கோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை பங்கு இழப்பீடு. வரையறுத்த விளைச்சல் 5,000 கிலோ என்றால், மேலே கண்ட 4,400 கிலோவுக்கு 12 விழுக்காடு கிடைக்கும். உண்மை 3,440 ஆக இருந்தால் 31 விழுக்காடு கிடைத்திருக்க வேண்டும். 5,360 ஆக இருந்தால் ஒன்றுமே இல்லை. ஒரே நான்கு எடைகள் இந்த மூன்று முடிவுகளுக்கும் இடம் கொடுக்கின்றன. விளைச்சல் மதிப்பீட்டில் நேரும் பிழை இழப்பீட்டில் அதே விகிதத்தில் இறங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். 4,400க்குப் பதிலாக 4,700 என்று பதிவானால் விளைச்சலில் பிழை ஏழு விழுக்காடுகூட இல்லை. இழப்பீடோ பன்னிரண்டிலிருந்து ஆறாகி, சரிபாதி போய்விடுகிறது. கழித்தலுக்குப் பின் மிஞ்சும் சிறு எண்ணின் மீது முழுப் பிழையும் வந்து உட்கார்ந்துகொள்வதால் நேர்வது இது.

எண்ணிக்கையைக் கூட்டாமலே துல்லியத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் 400 ஏக்கர் தலைமடை, 200 ஏக்கர் கடைமடை என்று கொள்வோம். இடத்துக்கு இடம் சமவாய்ப்போடு நான்கு சதுரம் விழுந்தால், நான்குமே தலைமடையில் விழுந்துவிடும் வாய்ப்பு 81இல் 16, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எந்தச் சூதும் இல்லாமலே, ஐந்து பருவத்தில் ஒரு பருவம் கடைமடைக்காரர்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள். இதற்குப் பதிலாக முதலிலேயே ஊரை இரண்டு அடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு இரண்டு சதுரம் வைத்து, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் சமவாய்ப்பால் தேர்ந்தெடுக்கலாம். தலைமடைச் சராசரி 12 கிலோ, கடைமடைச் சராசரி 8 கிலோ என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 10 என்று எழுதுவது தவறு. தலைமடை இரண்டு பங்கு, கடைமடை ஒரு பங்கு என்பதால் 12, 12, 8 ஆகியவற்றின் சராசரியான 10.67 கிலோவே ஊரின் சராசரி. சிறு வயலையும் பெரு வயலையும் ஒரே வாய்ப்போடு தேர்ந்தெடுத்தாலும் இதேபோல் பரப்புக்கேற்ற பங்கு கொடுத்துக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் அரை ஏக்கர்க்காரரின் விளைச்சலும் ஐந்து ஏக்கர்க்காரரின் விளைச்சலும் கணக்கில் சமமாகிவிடும்.

சதுரம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஹப்பாக் செய்ததுபோல் ஒன்றேகால் சதுர மீட்டரில் பல இடங்களில் அறுத்தால் ஆகாதா என்றும் தோன்றலாம். 1940களில் இதைப் பற்றி மகலனோபிஸுக்கும் சுகாத்மேக்கும் இடையே நீண்ட விவாதமே நடந்தது. சிறு பரப்பில் எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் நெற்குத்துகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது சுகாத்மே பரிசோதனைகளால் காட்டிய செய்தி. கணக்கு எளியது. கயிற்றுக்கு வெளியே நாற்புறமும் ஐந்து சென்டிமீட்டர் வரை கை நீண்டால், ஐந்து மீட்டர்ச் சதுரம் 26 சதுர மீட்டராகிறது, மிகை 4 விழுக்காடு. ஒரு மீட்டர்ச் சதுரமோ 1.21 ஆகிறது, மிகை 21 விழுக்காடு. வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர் விட்டு நட்ட வயலில் ஐந்து சென்டிமீட்டர் என்பது அரிவாள் பிடிக்கும் கையின் சாதாரண வீச்சு.

2023 காரீப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படங்களின் வழி வரும் மதிப்பீட்டையும் அறுவடைப் பரிசோதனையோடு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் கருத்தில் அந்தப் படங்களின் முதல் பயன் அடுக்குப் பிரிப்பதில்தான் இருக்க வேண்டும். பச்சை குன்றிய பத்தியையும் செழித்த பத்தியையும் முன்பே பிரித்துவிட்டால் நான்கு சதுரம்கூட இன்றைவிட நன்றாகப் பேசும்.

ஊர்க்காரராக நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. தேர்வான சர்வே எண்களின் பட்டியலை அறுவடைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். வயல் மாற்றப்பட்டால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். சமவாய்ப்பு எண் இணையை எடுத்து, தென்மேற்கு மூலையிலிருந்து அடி எண்ணி முளை அடிக்கிறார்களா என்று கூட நின்று பாருங்கள். நான்கு எடைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை மட்டும் வாங்கிவந்தால் அது எவ்வளவு ஆடும் என்பதைப் பின்னால் எவராலும் கணக்கிட முடியாது. உங்கள் சொந்த வயல் முழுதும் சாவியாகி, ஊர்ச் சராசரி நன்றாக இருந்தால் இந்த முறை உங்களுக்குக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கிராமத்தின் சராசரியை மதிப்பிடும் மாதிரி, அதிலுள்ள ஒரு தனி வயலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.